‘குங் ஃபூ’ தொடரின் முடிவு: சகோதரனைக் கண்டுபிடித்த பிறகும் கெய்ன் ஏன் நடந்துகொண்டே இருக்கிறான்?

முப்பத்தொன்று எழுதியது:

வணக்கம். 1972 முதல் 1975 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த ‘குங் ஃபூ’ தொடரை முழுவதும் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், எனக்கு ஒரு விளக்கம் வேண்டும். பிள்ளைகள் படுத்த பிறகு, வாரத்துக்கு நான்கு இரவுகள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட பகுதிகளை ஒன்றுவிடாமல் பார்த்தேன். சென்ற வியாழக்கிழமை கடைசி வட்டு தீர்ந்தது. கதை தீர்ந்ததா என்றுதான் தெரியவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். க்வாய் சாங் கெய்ன் என்ற பையனின் அப்பா அமெரிக்கர், அம்மா சீனப் பெண். இருவரும் இறந்துபோக, சீனாவில் ஷாவோலின் என்ற பௌத்த மடத்தின் வாசலில் வந்து நிற்கிறான். துறவிகள் அவனை எடுத்து வளர்க்கிறார்கள். அதில் போ என்ற கண் தெரியாத குரு அவனுக்கு எல்லாமாக இருக்கிறார். காலடியில் இருக்கும் வெட்டுக்கிளியின் சத்தம் கேட்கிறதா என்று அவர்தான் பையனிடம் கேட்பார். அன்றிலிருந்து அவனுக்கு வெட்டுக்கிளி என்றே பெயர் வைத்துவிடுவார். வளர்ந்து வெளியே வந்த பிறகு ஒரு நாள், கெய்னின் கண் முன்னாலேயே பேரரசரின் உடன்பிறந்தவர் மகன் அந்தக் குருவைச் சுட்டுக் கொல்கிறான். கெய்ன் ஈட்டியை எறிந்து அவனைக் கொன்றுவிடுகிறான். பிறகு சீனாவில் இருக்க முடியாமல் அமெரிக்காவுக்கு ஓடிவருகிறான். அவன் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள். உயிரோடு பிடித்தால் 10,000 டாலர், பிணமாக என்றால் 5,000.

தொடரின் முதல் ஆண்டிலேயே, அமெரிக்காவில் இருக்கும் தாத்தாவைத் தேடிப் போகிறான். அவர் முதலில் பேரன் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. அந்த வீட்டில்தான் தனக்கு டேனி என்று ஒரு சகோதரன் இருப்பது அவனுக்குத் தெரிகிறது. ஒரே அப்பா, வேறு அம்மா. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அந்த டேனியைத் தேடித்தான் ஊர் ஊராக நடக்கிறான். பாலைவனம், பனிமலை, சுரங்க ஊர், எங்கே போனாலும் வெறுங்காலோடு, தோளில் ஒரு பையோடு.

மூன்றாம் ஆண்டில், நான்கு பகுதிகள் தொடர்ச்சியாக வந்த ஒரு கதையில், சகோதரனும் கிடைத்துவிடுகிறான். எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் அடுத்த பகுதியைப் போட்டால், கெய்ன் மறுபடியும் தன்னந்தனியாக நடந்துகொண்டிருக்கிறான். டேனியின் பேச்சே இல்லை. அதற்கடுத்த பகுதியிலும் அப்படியே. கடைசிப் பகுதி வேறு யாரோ ஒரு குடும்பத்தின் கஷ்டத்தைத் தீர்த்துவைக்கும் வழக்கமான கதை. அதோடு முடிந்தது.

என் வட்டில் வரிசை மாறிவிட்டதா? அல்லது கதையே இப்படித்தானா? மூன்று ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்த இரத்த உறவோடு அவன் ஏன் தங்கவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

மலைரயில் பதில்:

வட்டில் தவறு இல்லை நண்பரே. ஒளிபரப்பான வரிசையே அதுதான். டேனி கதையின் கடைசிப் பகுதி 1975 மார்ச்சில் வந்தது. தொடரின் கடைசி ஒளிபரப்பு ஏப்ரல் 26. இடையில் வந்தவை தனித்தனிக் கதைகள். அவற்றைக் காலவரிசையில் டேனிக்கு முன்னால் வைத்துக்கொண்டாலும் குறுக்கே எதுவும் வராது.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சியின் பழக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் பார்க்கத் தவறியவர் அடுத்த வாரம் உட்கார்ந்தாலும் கதை புரிய வேண்டும். பிறகு உள்ளூர் நிலையங்கள் பழைய பகுதிகளை வாங்கி, மாலை நேரத்தில் எந்த வரிசையிலும் போடும். அதனால் ஒவ்வொரு பகுதியும் தன் காலில் நிற்கும்படிதான் எழுதுவார்கள். கடைசிப் பகுதி என்று ஒன்றைத் திட்டமிட்டு எடுப்பது அபூர்வம். எனக்குத் தெரிந்து பெரிய விதிவிலக்கு ‘தி ஃபியூஜிட்டிவ்’. மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, ஒற்றைக் கை மனிதனைத் தேடி ஓடும் டாக்டரின் கதை. 1967 ஆகஸ்டில் அதற்கு முறையான ஒரு முடிவு வைத்தார்கள். அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்தது. கெய்னும் அதே மாதிரி ஓடுகிறவன்தான். ஆனால் அவனுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. கெய்னாக நடித்த டேவிட் கேரடைன் மூன்று ஆண்டுகளோடு போதும் என்று விலகிவிட்டார், தொடர் நின்றது.

இன்னொன்று சொல்ல ஆசை. நீங்கள் குறிப்பிட்ட தாத்தா பகுதியில் கண்பார்வை இழக்கும் ஊர் ஊராகத் திரியும் போதகராக வருகிறாரே, அவர் ஜான் கேரடைன், கதாநாயகனின் சொந்த அப்பா. தொடருக்கு முன்னோட்டமாக வந்த முதல் படத்தில் வாலிபன் கெய்னாக வருவது தம்பி கீத் கேரடைன். குடும்பமே இல்லாத ஒருவனின் கதையை ஒரு குடும்பமே சேர்ந்து நடித்திருக்கிறது. அந்த ஷாவோலின் மடம்கூட வார்னர் ஸ்டுடியோவில் ‘கேமலாட்’ படத்துக்குக் கட்டிய ஐரோப்பியக் கோட்டையின் அரங்கம்தான். வேஷம் மாற்றி மடமாக்கினார்கள்.

பவழமல்லி பதில்:

தம்பி, நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. இந்தத் தொடரை நான் வேறு காரணத்துக்காகப் பார்த்தேன். அமெரிக்காவின் குறுக்கே ரயில்பாதை போட்ட சீனத் தொழிலாளர்களை மையத்தில் வைத்த திரைக்கதைகள் அன்றைக்கு மிகக் குறைவு. சியரா நெவாடா மலையை வெடி வைத்துக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள். 1869 மே 10 அன்று யூட்டாவில் இரண்டு பாதைகளும் இணைந்தபோது எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர்களைத் தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் நான் இந்தத் தொடருக்குள் போனேன்.

அதே கோபத்தோடு சொல்கிறேன், கெய்ன் வேடத்தை ஒரு வெள்ளைக்கார நடிகருக்குக் கொடுத்தது என்னால் மறக்க முடியாத குறை. அந்த வேடத்துக்குப் பரிசீலிக்கப்பட்டவர்களில் புரூஸ் லீயும் ஒருவர். கேரடைன் நன்றாகவே செய்திருக்கிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் குருமார்களாக வந்த இருவரையும் பாருங்கள். குரு போவாக வந்த கீ லூக் சீனாவில் பிறந்தவர். குரு கானாக வந்த ஃபிலிப் ஆன் கொரிய விடுதலைத் தலைவர் ஆன் சாங்-ஹோவின் மகன். இருவரும் முப்பதுகளிலிருந்து ஹாலிவுட்டில் இருந்தவர்கள். அவர்கள் பேசும் இரண்டு நிமிடத்துக்காகவே நான் ஒரு மணிநேரத்தைப் பார்ப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். டேனியோடு தங்கினால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். கதை நடப்பது 1870களில். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. அங்கே இருந்த சீனர்கள் குடியுரிமை பெறவும் அந்தச் சட்டம் வழி வைக்கவில்லை. பாதிச் சீனன், கொலைக்குத் தேடப்படுகிறவன், எந்த ஊரில் வீடு கட்டி உட்காருவான்? அவன் அங்கே தங்கினால் அடுத்து வரும் தலைவேட்டைக்காரன் டேனியின் வாசலுக்கு வருவான். சகோதரன் கிடைத்ததால் அவன் தலைக்கு வைத்த விலை குறையவில்லை. இதைத்தான் நான் முடிவாக எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஏன் இதைப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை என்றீர்கள்? சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள், கட்டாயமில்லை.

வட்டுப்பெட்டி பதில்:

முடிவு வேண்டுமென்றால் 1986இல் வந்த தொலைக்காட்சிப் படத்தைப் பாருங்கள். கேரடைனே மறுபடி கெய்னாக வருகிறார். சீனாவிலிருந்து மஞ்சு இனத்துப் பிரபு ஒருவன் பழிவாங்க வந்துவிடுகிறான். அவன் கையில் ஆயுதமாக இருக்கும் இளைஞன் கெய்னின் சொந்த மகன் என்பது பிறகு தெரியும். அந்த மகனாக நடித்தவர் பிராண்டன் லீ, புரூஸ் லீயின் பிள்ளை. மேலே அம்மா சொன்னதை வைத்து அந்தச் சண்டைக் காட்சியைப் பார்த்தால் மனம் என்னவோ செய்கிறது. தந்தைக்குக் கிடைக்காத வேடத்தின் எதிரே மகன் நிற்கிறார்.

1993இல் பேரன் கதையாக இன்னொரு தொடரும் வந்தது. அது நிகழ்காலத்தில் நடப்பது. உங்கள் கேள்விக்கு அதில் விடை இருக்காது.

முப்பத்தொன்று எழுதியது:

மூவருக்கும் நன்றி. மலைரயில் சொன்னதைப் படித்ததும் வரிசைக் குழப்பம் தீர்ந்தது. அம்மா கேட்டதற்காக மட்டுமல்ல, எனக்கே எழுதிப் பார்க்க வேண்டியிருப்பதால் மீதியைச் சொல்கிறேன்.

நான் துறவிகளிடம் வளர்ந்தவன். தென் மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கச் சபை நடத்திய ஆதரவற்ற பையன்கள் இல்லத்தில் ஐந்து வயதில் விடப்பட்டேன், பதினெட்டு வயது வரை இருந்தேன். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவர்களை நாங்கள் பிரதர் என்றுதான் கூப்பிடுவோம். சமையல் பிரதர், தோட்டத்துப் பிரதர், கணக்குப் பிரதர். ஒன்பது பத்துப் பேர் இருப்பார்கள். கூப்பிடுவதற்கு அத்தனை பிரதர் இருந்தும், எவனாவது சண்டையில் “உனக்கு அண்ணன் தம்பி இருக்கிறானா?” என்று கேட்டால் வாயடைத்துப்போய் நிற்போம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

துணி வெளுக்கப் போகும்போது கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. சட்டைக் காலரில், போர்வை மூலையில், அழியாத மையால் எழுதியிருக்கும். என் எண் 31. கெய்ன் மடத்தைவிட்டு வெளியேறும் நாளில், கனல் நிரம்பிய பெரிய இரும்புக் கொப்பரையை முன்கைகளால் அணைத்துத் தூக்குவான், அல்லவா? ஒரு கையில் டிராகனும் மறு கையில் புலியும் சூடாகப் பதிந்துவிடும். பிறகு அமெரிக்காவில் ரயில்பாதை போடும் சீனக் கூலிகள் அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் இவன் யார் என்று தெரிந்துகொள்வார்கள். அந்தக் காட்சி வந்தபோது நான் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். அங்கிருந்து கொண்டுவந்த போர்வை ஒன்று இன்னும் இருக்கிறது. மை வெளிறிப் பழுப்பாகிவிட்டது. எண் தெரிகிறது.

சென்ற ஆண்டுதான் என் அம்மாவின் அக்கா ஒருவர் இருந்தார் என்ற தகவல் கிடைத்தது. பழைய பதிவேட்டில் ஓர் ஊர்ப் பெயர் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு போனேன். பெரியம்மா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய மகன் இருந்தார். முறைக்கு எனக்கு அண்ணன். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். என் முகத்தையே பார்த்துவிட்டு, “காது சித்தியுடையது” என்றார். எனக்கு என் அம்மாவின் காது எப்படி இருக்கும் என்று தெரியாது. கையைக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் நல்லவர். இரவு தங்கச் சொன்னார், மனப்பூர்வமாகவே சொன்னார். அவர் மனைவி இலை நறுக்கி வைத்துவிட்டு, “உங்களுக்குச் சொந்த ஊர் எது?” என்று கேட்டார். நான் யோசிக்காமல் இல்லம் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். உண்மையில் நான் பிறந்தது அவர் ஊரில், அடுத்த தெருவில். சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த உறவு, ஏன் ஓர் இரவுகூடத் தங்கவில்லை என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் கெய்ன் ஏன் தங்கவில்லை என்று உங்களிடம் கேட்டேன்.

பவழமல்லி பதில்:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த முதல் படத்தின் கடைசிச் சண்டையை மறுபடி பாருங்கள். யாரோடு சண்டை என்று கவனியுங்கள்.

முப்பத்தொன்று எழுதியது:

அம்மா, நேற்று இரவு பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன்னால் பார்த்தபோது அது எனக்கு ஒரு சண்டைக் காட்சியாக மட்டும் இருந்தது.

ரயில்பாதை முதலாளிகளின் துப்பாக்கிகளைச் சமாளித்தாகிவிட்டது. கடைசியாக அவன் முன்னால் வந்து நிற்பவர் ஒரு ஷாவோலின் துறவி. கெய்னைப் பிடிக்க அனுப்பப்பட்டவர். அதே மடத்தின் வித்தை, அதே நிற்கும் முறை. இவன் கையெடுத்தால் அவர் எங்கே கை வைப்பார் என்று இவனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தொடரின் குங் ஃபூ ஆலோசகராக இருந்த டேவிட் சோதான் அந்தத் துறவியாக நடித்திருக்கிறார் என்று பெயர்ப் பட்டியலில் பார்த்தேன். கேரடைனுக்கு அந்தக் கலை முன்பின் தெரியாது, நடனம் பழகியவர் என்பார்கள். அப்படியானால் திரையில் நாம் பார்ப்பது கற்றுக்கொடுத்தவருக்கும் கற்றுக்கொண்டவருக்கும் நடக்கும் சண்டை. படத்தை மெதுவாக்கிக் காட்டுவதால் இருவர் முகமும் தெளிவாகத் தெரிகிறது. கெய்ன் முகத்தில் கோபமே இல்லை.

அமெரிக்காவில் அவனைத் தேடி வந்த முதல் பிரதர் அவர்தான். டேனியைப் பற்றி அவன் கேள்விப்படுவதற்கு முன்பே வந்துவிட்டார். அவரை ஜெயித்த நிமிடத்தில் கெய்னுக்கு மடம் இல்லாமல் போகிறது. அவனை எடுத்து வளர்த்த இடத்திலிருந்தே ஒருவர் அவனைக் கட்டிக் கொண்டுபோக வந்தார், அவரை அவன் அடித்து வீழ்த்திவிட்டான். இனி எந்த வாசலில் போய் நிற்பான்? அதன் பிறகு மூன்று ஆண்டுகள் டேனியைத் தேடியது, அந்த வாசலுக்குப் பதிலாக வேறொரு வாசல் கிடைக்காதா என்றுதான். டேனி கிடைத்தான். டேனிக்குக் குரு போவைத் தெரியாது. வெட்டுக்கிளி என்ற பெயர் தெரியாது. கனல் கொப்பரையின் எடை தெரியாது. அவனோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஊர் எது என்று கேட்டால் மடத்தின் பெயரைத்தான் சொல்ல முடியும்.

என்னளவில் அந்தத் தொடர் முதல் நாளே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் அவன் நடப்பதுதான்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். எங்கள் இல்லத்தில் தச்சுப் பட்டறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட பிரதருக்குக் கடைசிக் காலத்தில் கண்புரை முற்றிப் பார்வை மங்கிவிட்டது. அப்போதும் இழைப்புளியைக் கையிலிருந்து விடவில்லை. மரத்தை உள்ளங்கையால் தடவித் தடவி இழைப்பார். பட்டறைப் படியில் யார் ஏறினாலும் காலடிச் சத்தத்தை வைத்தே எண்ணைச் சொல்லிவிடுவார். நான் வேலைக்குப் போன பிறகு, லீவில் ஒருமுறை போனபோது பூட்ஸ் போட்டிருந்தேன். இரண்டு படி ஏறினேன். இழைப்பதை நிறுத்திவிட்டு, “முப்பத்தொன்று, காலில் என்னடா மாட்டியிருக்கிறாய்?” என்றார். குரு போ வரும் ஒவ்வொரு காட்சியிலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

அவர் இறந்தபோது நான் வெளி மாநிலத்தில் இருந்தேன். தகவல் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை, பதினோரு வருடம். என்னை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. என் தலைக்கு யாரும் விலை வைக்கவில்லை. கேட் எப்போதும் போலத் திறந்துதான் இருக்கிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். டிக்கெட் எடுத்துவிட்டேன். காயில் கட்டும் அண்ணனுக்கும் போன் செய்து, என்னோடு வருகிறீர்களா, நான் வளர்ந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று கேட்டேன். ஒரு நாள் கடையை மூடிவிட்டு வருவதாகச் சொன்னார்.

வட்டுப்பெட்டி, அந்த 1986 படம் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன்.